“நைட் டெஸ்க் வேலையை ஏற்றால், மகளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா?”

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 39 வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. 15 ஆண்டுகளாகத் தொலைக்காட்சிச் செய்தியாளர், அலுவலகம் கிண்டியில். 2024 செப்டம்பரில் 2 வயது 4 மாதப் பெண் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுத்தார். மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணையும் கைக்கு வந்துவிட்டது. வீட்டில் அவர், மகள், 67 வயது அம்மா. இப்போது பொங்கல் முடிந்ததும் நைட் டெஸ்க் (இரவுச் செய்திப் பிரிவு) பொறுப்பாளராகச் சொல்கிறார்கள். மாலை 5 மணி முதல் இரவு 1 மணி வரை, வாரம் 6 நாள். பதவி உயர்வு, சம்பள உயர்வு இரண்டும் உண்டு.

“என் மகள் யார் கூப்பிட்டாலும் போய்விடுகிறாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது அழுவதே இல்லை. ஆனால் நான் வரும்வரை தூங்கவும் மாட்டாள். தலையணை உறைக்குள் பிஸ்கட்டை ஒளித்துவைக்கிறாள். ‘பெத்தவளா இருந்தா இப்படி ராத்திரியில விட்டுட்டுப் போவியா?’ என்று அண்ணன் கேட்கிறார். தத்து மையத்திலிருந்து வரும் சமூகப் பணியாளரிடம் இரவு வேலை என்று சொன்னால் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு ஆறு வாரம்தான் விடுப்பு கொடுத்தார்கள். அது சட்டமீறல் இல்லையா? இதற்கு நடுவில், அன்னையர் தினத்துக்கு என் கதையை மகள் படத்தோடு செய்யலாம் என்கிறார் எடிட்டர். பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் பயத்தில் பெரியது எதுவோ அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரவு வேலை பார்ப்பதற்காக உங்கள் மகளை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, தத்தெடுப்பு ஆணை பிறந்ததும் அந்தக் குழந்தை எல்லா உரிமைகளோடும் உங்கள் சொந்தக் குழந்தை. 2022 செப்டம்பர் வரை இந்த ஆணையை நீதிமன்றம் கொடுத்தது. அதன்பிறகு ஆட்சியர் கொடுக்கிறார். ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையிலிருந்து உங்கள் கைக்கு வந்த அந்தத் தாளுக்கு, பெற்ற தாயின் உறவுக்கு இருக்கும் அதே கனம் உண்டு. ஆணைக்கு முன்னால், வளர்ப்புக் கவனிப்பில் குழந்தை உங்களிடம் இருந்த நாட்கள் வேறு. அந்தக் காலத்துப் பதற்றம் இன்னும் உங்களிடம் மிச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நிறையத் தாய்மாருக்கு அது எளிதில் போவதில்லை.

குழந்தை வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வருவார். உங்களுக்கு இரண்டு வருகை முடிந்திருக்கும், இன்னும் இரண்டு பாக்கி. அவர் பார்க்க வருவது குழந்தை எடை ஏறுகிறதா, பேசுகிறதா, ஒட்டிக்கொள்கிறதா, உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்பதைத்தான். வேலை நேரத்தை மறைத்தால், அவரால் செய்யக்கூடிய உதவியும் உங்களுக்குக் கிடைக்காமல் போகும். பிஸ்கட் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மையத்தில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்தது, இரவில் யார் பக்கத்தில் படுத்தார்கள் என்று அவரிடம் கேட்டால் பதில் கிடைக்க வழியுண்டு. அந்தப் பதில் உங்களுக்கு இப்போது மிகவும் தேவை.

அழாத குழந்தை

கடிதத்தில் இந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘அழுவதே இல்லை’ என்பதை, ‘என்மீது அவளுக்குப் பாசம் இல்லை’ என்று நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அப்படியில்லை. பல கைகள் மாறி வளர்ந்த குழந்தைக்கு, ஒருவர் போவதும் இன்னொருவர் வருவதும் வாழ்க்கையின் வழக்கம். அழுதால் போனவர் திரும்பி வருவார் என்ற அனுபவம் அதற்கு இல்லை, அதனால் அழுகையைச் செலவழிப்பதில்லை. யாரிடமும் போவதும் அதனால்தான்: அடுத்த சோறு யார் கையிலிருந்து வருமோ, எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைப்போம் என்ற தற்காப்பு அது.

ஆனால் நீங்கள் வரும்வரை தூங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது பற்று துளிர்த்திருப்பதன் அடையாளம். எல்லோரும் ஒன்று என்றிருந்தவளுக்கு ஒருத்தி மட்டும் தனி ஆகிவிட்டாள். இனிமேல் ஒருநாள் நீங்கள் கிளம்பும்போது அவள் காலைக் கட்டிக்கொண்டு அழலாம். அன்றைக்குப் பயந்துவிடாதீர்கள்.

இப்போதிலிருந்தே செய்ய வேண்டியவை சில. கிளம்பும்போது கண்ணில் படாமல் நழுவாதீர்கள். ‘விளையாடிட்டு இருக்கா, இப்பவே ஓடிடு’ என்று அம்மா சொல்வார். நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். இந்தக் குழந்தைக்கு அது ஆகாது. ஒரே வாசல், ஒரே வாக்கியம், ஒரே முத்தம், அரை நிமிடத்தில் முடிய வேண்டும். ‘சீக்கிரம் வந்துடறேன்’ என்பது மூன்றே முக்கால் வயதில் புரியாது. ‘நீ மத்தியானம் தூங்கி எழுந்து, பால் குடிச்சு முடிச்சதும் அம்மா வருவேன்’ என்றால் புரியும். வர முடியாத நாளில் வருவேன் என்று சொல்லவே கூடாது.

ஒரு மாதக் காலண்டரைக் குளிர்சாதனப் பெட்டியில் அவள் உயரத்துக்கு ஒட்டுங்கள். பகல் வேலைக்குச் சூரியன், இரவு வேலைக்கு நிலா, விடுமுறைக்கு ஒரு பூ. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த வாரத்தின் ஷிப்டைப் பார்த்து அவளையே ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். ஷிப்ட் மாறினால், மாறியதை அவள் கண் முன்னாலேயே பிய்த்து ஒட்டுங்கள்.

இரவு தாமதமாகும் நாட்களில் அவள் விழித்திருக்க வேண்டியதில்லை என்பதை அவளுக்குப் புரியவைக்க ஒரு வழி: உங்கள் தலையில் வைத்திருக்கும் மல்லிகையில் ஒரு சின்னக் கண்ணியைக் கிள்ளி, வீடு வந்ததும் அவள் தலையணை ஓரத்தில் வையுங்கள். ‘காலையில பூ இருந்தா, ராத்திரி அம்மா வந்து உனக்கு முத்தம் கொடுத்துட்டேன்னு அர்த்தம்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பூ கிடைக்காத நாளில் ஒரு ரிப்பன் போதும். ஒருநாள்கூட மறக்கக் கூடாது. மறந்தால் சாட்சியம் பொய்யாகிவிடும். அவள் நம்பித் தூங்கத் தொடங்க சில வாரங்கள் பிடிக்கும்.

பிஸ்கட்டைப் பிடுங்காதீர்கள், ‘எறும்பு வரும்’ என்று திட்டாதீர்கள். மூடி இறுக்கமான ஒரு டப்பாவை அவளுக்கென்றே கொடுத்து, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். தினமும் இரவு அவள் பார்க்க நான்கு பிஸ்கட் அல்லது கொஞ்சம் பொட்டுக்கடலை போட்டு நிரப்புங்கள். கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரேயடியாகத் தின்பாள். பிறகு டப்பா காலியாகாது என்று தெரிந்ததும் மறந்துபோவாள்.

உங்கள் அம்மாவிடம் நீங்கள் ஒன்றைக் கட்டாயம் பேசியாக வேண்டும். சாப்பிட அடம்பிடித்தால் ‘பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்’, ‘அந்த ஆன்ட்டியோட அனுப்பிடுவேன்’ என்று சொல்வது நம் பாட்டிமாருக்குச் சாதாரணம். பெற்ற வீட்டிலேயே வளர்ந்த குழந்தை அதைக் கேட்டுச் சிரிக்கும். உங்கள் மகளை உண்மையிலேயே ஒருமுறைக்கு மேல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவளைப் பொறுத்தவரை அது மிரட்டல் அல்ல, ஏற்கெனவே நடந்த விஷயம். பாட்டி எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அந்த வாக்கியம் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அடிபட்டால் மருந்து போடுவது நான்கும் உங்கள் கையாலேயே நடக்கட்டும். விளையாட்டும் கதையும் பாட்டிக்கு. யாரிடமும் போகும் பழக்கம் குறைய, லைன் வீட்டில் மற்றவர்கள் தூக்கிக் கொஞ்சுவதையும் வாயில் ஊட்டுவதையும் ஓராண்டுக்காவது அன்போடு தடுத்துவிடுங்கள். வலித்தாலும் உங்களிடம் வராமல் இருப்பது, முன்பின் தெரியாதவரோடு தெருமுனை தாண்டிப் போவது, எடை குறைவது, இரவில் அலறி எழுவது வாரக்கணக்கில் நீடிப்பது, இவற்றில் எது இருந்தாலும் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்தால், தத்தெடுத்த தாய்க்கும் மனச்சோர்வு வரும் என்பதை நினைவில் வையுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

விடுப்பும் வேலை நேரமும்: சட்டம் என்ன சொல்கிறது

ஆறு வார விடுப்பு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். சட்டமீறல் என்பது மட்டும் சரியில்லை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம், தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் கொடுத்தது. ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்றது. ஒப்படைக்கப்பட்ட குழந்தை என்றால் பெற்றவர் மனம் மாற 60 நாள் அவகாசம். கைவிடப்பட்ட குழந்தை என்றால் குழந்தைகள் நலக் குழு விசாரித்துத் தத்துக்கு உரியது என்று அறிவிக்க இரண்டு மாதம்வரை. அதற்குமேல் பதிவு வரிசை, பொருத்தம் பார்த்தல். மூன்று மாதத்துக்குள் ஒரு குழந்தை வீடு வந்து சேர்வது எவ்வளவு அபூர்வம் என்று நீங்களே கணக்குப் போடலாம். இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போனதும் அதனால்தான். இரண்டேகால் வயதுக் குழந்தைக்கு அன்று உங்கள் நிறுவனம் கொடுத்த ஆறு வாரம், சட்டம் கேட்காமல் கொடுத்தது. அந்தச் சண்டையில் இப்போது சக்தியைச் செலவழிக்காதீர்கள்.

செலவழிக்க வேண்டிய இடம் வேலை நேரம். உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955, நாளிதழ்க்காரர்களுக்கு நான்கு வாரத்துக்கு 144 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. தொலைக்காட்சி நிருபர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020, அதே 144 மணி வரம்பை வைத்துக்கொண்டு, உழைக்கும் பத்திரிகையாளர் என்பதில் மின்னணு, டிஜிட்டல் ஊடகங்களில் இருப்பவர்களையும் சேர்த்திருக்கிறது. ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வும் உண்டு. உங்களுக்குச் சொல்லியிருக்கும் ஷிப்டைக் கூட்டிப் பாருங்கள்: 8 மணி, 6 நாள், 4 வாரம், மொத்தம் 192. வரம்புக்கு மேல் 48 மணி நேரம்.

அதே சட்டத்தின்படி, இரவு 7 மணிக்குப் பிறகோ காலை 6 மணிக்கு முன்போ ஒரு பெண்ணை வேலையில் வைக்க அவருடைய சம்மதம் தேவை, பாதுகாப்பு ஏற்பாடும் தேவை. ஆக, நைட் டெஸ்க் என்பது உங்கள்மீது சுமத்தப்படும் உத்தரவு அல்ல. நீங்கள் சம்மதம் கொடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள், அதற்கு நிபந்தனை வைக்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் சட்டம்தான். ஆனால் வண்ணாரப்பேட்டையிலிருந்து கிண்டிவரை தினமும் குழந்தையை மெட்ரோவில் தூக்கிப்போவது உங்களுக்குப் பெரிதாக உதவாது.

பதவியை என்ன செய்வது

வேலையை விடாதீர்கள். வீட்டில் ஒரே வருமானம் உங்களுடையது. இந்தக் குழந்தைக்குக் குறைவது நேரத்தின் அளவைவிட, நேரம் எது என்று தெரியும் நிச்சயம். வேலையை விட்டு, ஆறு மாதத்தில் பணம் போதாமல் வேறு எங்கோ சேர்ந்தால், அவளுக்கு இன்னொரு மாற்றம்தான் மிஞ்சும்.

நைட் டெஸ்க்கில் ஒரு நல்ல அம்சம் உண்டு. நேரம் நிலையானது. காலை 7 மணிக்கு எண்ணூரில் என்றும் இரவு 10 மணிக்கு மருத்துவமனை வாசலில் லைவ் என்றும் ஓடுவதைவிட அது குழந்தைக்குப் புரியும். ஆனால் சாப்பாடு, கதை, தூக்கம் எல்லாம் 7 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில்தான் நடக்கின்றன. அவளுடைய பயம் இருப்பதும் இரவில்தான். வாரம் ஆறு இரவு அங்கே நீங்கள் இல்லாமல் போவது இந்த ஆண்டுக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து.

எனவே எடிட்டரிடம் வாயால் பேசிவிட்டு வராமல், ஒரு பக்கத்துக்கு மெயில் அனுப்புங்கள். முதல் கோரிக்கை, காலை செய்தி டெஸ்க்: 5.30 முதல் 12.30 வரை. அவள் எழும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆனால் ப்ரீகேஜி விட்டு வந்து மத்தியானம் தூங்கி எழும் முன்பே வந்துவிடுவீர்கள், இரவு முழுக்க உங்களுடையது. மெட்ரோ 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும் என்பதால் காலையில் அலுவலக வண்டி கேட்டே ஆக வேண்டும். இந்த ஷிப்டும் 6 மணிக்கு முன்பே தொடங்குவதால் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் இதற்கும் பொருந்தும். அது கிடைக்காவிட்டால் இரண்டாவது: நைட் டெஸ்க் பொறுப்பு, ஆனால் வாரத்துக்கு மூன்று இரவு மட்டும், எந்த மூன்று என்பது மாதம் முழுக்க மாறாமல். மீதி நாள் பகல். திரும்ப வீட்டு வாசல்வரை வண்டி. மூன்றாவது: பதவியை ஆறு மாதம் தள்ளிவைப்பது. மூன்றையும் இதே வரிசையில் எழுதி, 144 மணிக் கணக்கை ஒரே வரியில் சேருங்கள். வழக்கு என்ற சொல் வேண்டாம். தேர்தல் ஆண்டில் அனுபவமுள்ள டெஸ்க் ஆளை இழக்க யாரும் விரும்பமாட்டார்கள். பேரம் பேச இது நல்ல நேரம்.

எந்த ஷிப்டாக இருந்தாலும், ஐப்பசி கார்த்திகை மழை வந்தால் திட்டமெல்லாம் கலையும். ரெட் அலர்ட் அன்று ஊரே வீட்டில் இருக்க, நிருபர்தான் வெளியே இருப்பார். அவசரத்துக்கு அண்ணன் வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வீடு கொளத்தூரில். கணேசபுரம் சுரங்கப்பாதையிலும் வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நின்றால் அவர் எப்படி வந்து சேர்வார்? நீங்கள் வேலைக்குப் போகும் அதே நாள்தான் அவர் வர முடியாத நாள். எனவே இரண்டாவது ஆள் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும், ரயில் பாதைக்கு உங்கள் பக்கத்திலேயே. ஒருவர் போதும். மழைக்கு முன்பே, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, வாரம் ஒருமுறை வந்து இரண்டு மணி நேரம் குழந்தையோடு பழகட்டும். ஆபத்தான நாளில் புதுமுகத்தை அறிமுகப்படுத்தக் கூடாது.

அண்ணனைப் பற்றி இன்னொன்று. தனியாகத் தத்தெடுப்பவருக்கு ஏதாவது நேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்ற உறவினர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டது அவர்தான் என்கிறீர்கள். கோபத்தில் பேசுகிறார், ஆனால் பொறுப்பை ஏற்றவர். அவரோடு உட்கார்ந்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உயில் எழுதி, குழந்தையின் பாதுகாவலர் யார் என்று அதில் குறிப்பிடுங்கள். கலவரத்துக்கும் வெள்ளத்துக்கும் நடுவே போகும் தொழில் உங்களுடையது. ‘பெத்தவளா இருந்தா’ என்ற பேச்சு குழந்தையின் காதில் விழக்கூடாது என்று அதே நாளில் சொல்லிவிடுங்கள்.

அன்னையர் தினக் கதை

மாட்டேன் என்று சொல்லுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்ற, இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவை நீங்கள் செய்திகளில் எத்தனையோ முறை கடைப்பிடித்திருப்பீர்கள். மீறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் மகள் இன்று உங்கள் குழந்தை, உண்மை. ஆனால் அவள் எங்கிருந்து வந்தாள் என்பது அவளுடைய கதை. பத்து ஆண்டு கழித்து வகுப்பில் யாரோ யூடியூபில் தேடி எடுத்துக் காட்டுவதை உங்களால் தடுக்க முடியாது. தத்தெடுப்பைப் பற்றி எழுத ஆசை இருந்தால், நடைமுறையைப் பற்றி எழுதுங்கள். மகள் அதில் வேண்டாம்.

அவளிடம் மட்டும் மறைக்காதீர்கள். ‘விவரம் தெரியட்டும்’ என்று காத்திருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து தெரியவரும். இப்போதே, தலை வாரும்போது, பேச்சோடு பேச்சாக: ‘நீ அம்மா வயித்துல வளரல, இன்னொருத்தங்க வயித்துல வளர்ந்த. அப்புறம் அம்மா வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தேன். அதுக்குப் பேர் தத்து.’ இவ்வளவு போதும். ‘எத்தனையோ பிள்ளைங்கள்ல உன்னைத்தான் பிடிச்சுத் தேர்ந்தெடுத்தேன்’ என்று அன்பு மிகுந்து சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். பதிவு வரிசைப்படித்தான் குழந்தையின் விவரம் உங்களுக்கு வந்தது, ஆகவே அது உண்மையில்லை. மேலும், பிடித்து எடுத்தவர் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பாரோ என்று குழந்தை கணக்குப் போடும். ‘உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்பதும் வேண்டாம். ஆணை, மருத்துவக் குறிப்பு, முதல் நாள் போட்டிருந்த கவுன் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வையுங்கள். 18 வயதுக்குப் பிறகு தன் வேரைத் தேட அவளே விண்ணப்பிக்கலாம்.

லைன் வீட்டில் யாராவது கேட்டால், ‘அது அவ கதை, பெரியவளானதும் அவகிட்டயே கேளுங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

மெயிலைப் பொங்கலுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். சமூகப் பணியாளரின் அடுத்த வருகை மார்ச்சில் வரும். அதற்குள் ஆறேழு வாரக் காலண்டர் தாள்கள் சேர்ந்திருக்கும். பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினாள், டப்பா எத்தனை நாள் தொடாமல் இருந்தது, எந்த இரவில் விழித்திருந்தாள் என்று ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பென்சிலால் குறித்துவையுங்கள். அவர் வரும்போது அதை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.